மாப்பிள்ளை வீட்டு மாடிப்படி

ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக நான் விகனுக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திரும்பி வந்ததிலிருந்து ராயபுரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் டீச்சர் ஃபாரின் டூர் போய்விட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் போனது மாப்பிள்ளை வீடு பார்க்க. அந்த வீடு பிலிப்பைன்ஸ் நாட்டில், ஸ்பானியர்கள் ஆண்ட காலத்து வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு பழைய ஊரில் இருந்தது. அது என் குற்றமில்லை.

முழுக்க என் குற்றமில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எண்ணூர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவந்த கப்பல் ஒன்றில் பையன் சமையல்காரன். குடல்வால் வீங்கி, வெடிக்கும் நிலையில் அவனைக் கரையிறக்கி, ராயபுரத்தில் என் மகள் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மகள் வீட்டுக்கு வந்து, பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தொடவே மாட்டேன் என்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். பாவம், பெற்றவள் முகம் பார்க்காமல் கிடக்கிறானே என்று நான்தான் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். நாலு நாள் கழித்துச் சங்கரா மீன் குழம்பு. அவன் குழம்பை நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, புளி எவ்வளவு என்று கேட்டான். முப்பது வருஷம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியிருக்கிறேன். அத்தனை மரியாதையாக என்னிடம் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மகள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

அவளுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. அதற்கு முன்னால் மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தன. பெண்ணைப் பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. வீடுதான் காரணம். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் போன பிறகும் நாங்கள் அதே மாடியில், அதே இரண்டு அறையில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் லாரிப் புழுதி. மூடினால் வேர்வை. கடைசியாகப் பெரம்பூரிலிருந்து வந்த பையனின் தாயார் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, "இவ்ளோதான் வூடா?" என்றார். நான் சுட்டு வைத்த அதிரசத்தில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் குடிக்கலாம், காப்பியும் போனால் போகிறது என்று சிலர் குடிப்பார்கள். பலகாரத்தை எடுத்து வாயில் போட்டால் சம்மதம் என்று அர்த்தம். மூன்று தடவையும் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்றாம் தடவை அந்த அதிரசத்தை நானும் மகளும் தின்று தீர்த்தோம். இனிமேல் வீட்டைப் பார்க்க ஆளைக் கூட்டிக்கொண்டு வராதே என்று அவள் அமைதியாகச் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே அவளே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள், அதுவும் நம் வேதத்து, மாதா கோவிலுக்குப் போகிற பையன் என்றதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான், அவன் தன் வீட்டுப் போட்டோவை அனுப்பும்வரை. இரண்டு அடுக்கு. கீழே வண்டி நுழையும் அளவுக்கு வாசல். மேலே சுவர் நெடுகிலும் ஜன்னல்கள். பரம்பரை வீடாம். பெரம்பூர் ஃபிளாட்டே எங்களைக் கண்டு முகம் சுளித்தது; இந்த அரண்மனைக்காரர்கள் என்ன சொல்லப்போகிறார்கள்? தவிர, இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை எதற்காகக் கப்பலில் வெங்காயம் உரிக்கிறான்? எதிலோ இடிக்கிறது. நேரில் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவனுக்கு அடுத்த கப்பல் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று மகள் லீவு போட்டாள். பெட்டியின் அடியில் ஒரு வெள்ளித் தாம்பாளம், பையனின் அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை, மஞ்சள், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துக்கொண்டேன். வெற்றிலையை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு மணிலா வரைக்கும் இருந்தது.

மணிலாவிலிருந்து பஸ்ஸில் வடக்கே போக வேண்டும். போய்ச் சேர்ந்தபோது காலை. பையன் பஸ் நிலையத்தில் காத்திருந்தான். என் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அங்கே பெரியவர்களைக் கண்டால் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு உடனே கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் வந்த வேலை வேறு என்பதால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம்தான் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் அம்மா, அதுவரை ஊரைக் காட்டுகிறேன் என்றான். கல் பாவிய ஒரு தெரு; அதில் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை, குதிரை வண்டிதான். இரண்டு பக்கமும் அந்தப் பழைய வீடுகள். சிலவற்றில் தங்கும் விடுதி, சிலவற்றில் கடை, சில வீடுகளை அப்படியே வைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். சீனாவிலிருந்து வந்த வியாபாரிகள் அந்த ஊரிலேயே பெண் கட்டி, ஸ்பானியர்களைப் பார்த்துக் கட்டிய வீடுகள் என்று பையன் சொன்னான். கீழே தடித்த செங்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. கீழ்த்தளத்தில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். அது குதிரை வண்டிக்கும் நெல் மூட்டைக்கும். மனிதர்கள் மேலே.

மேலே போனால் தரையில் ஒவ்வொரு பலகையும் ஒரு ஆள் படுக்கும் அகலம். ஜன்னலில் கண்ணாடி கிடையாது. சிப்பி ஓட்டைச் சீவித் தகடாக்கி, சின்னச் சின்னச் சதுரமாகச் சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். வெயில் அதன் வழியே பால் கலந்த மாதிரி உள்ளே வந்தது. எண்ணூர் உப்பங்கழியில் சிப்பி அள்ளிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்குவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள் நான். சிப்பியை எரிக்காமலும் வீடு கட்டலாம் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி, தள்ளித் திறக்கிற குட்டி ஜன்னல் ஒன்று. பெரிய ஜன்னலைச் சாத்திவிட்டாலும் காலடியில் காற்று வரும். நான் குனிந்து அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு வீட்டில் கட்டில் கால்களைத் தட்டிப் பார்த்தேன். இன்னொன்றில் சுவரைச் சுரண்டி உப்புப் பூத்திருக்கிறதா என்று சோதித்தேன். கடலோரத்தில் குடியிருப்பவளுக்குச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. டிக்கெட் கொடுத்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் என் காதருகே வந்து, "இன்னாமா, வூட்ட பாக்க வந்தியா, வாங்க வந்தியா?" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜை. சுவர் முழுக்க மீசை வைத்த முன்னோர்கள். வேலைக்காரர்கள் ஏறுவதற்கென்று தனிப் படி. இந்த மாதிரி ஒரு வீட்டில் பிறந்தவனுடைய தாய் எங்கள் இரண்டு அறைக்கு வந்து எங்கே உட்காருவாள்? மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பையன் ஊர்ச் சமையல் பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட்டான்.

சாயங்காலம் பட்டுப் புடவை கட்டி, தாம்பாளத்தில் பழம், புடவை, மஞ்சள், வெற்றிலைக்குப் பதிலாக அந்த ஊர்க் கடையில் வாங்கிய ஏதோ இலை எல்லாம் வைத்து, அவன் வீட்டுக்குப் போனோம். கீழ்த்தளம் இருட்டாகக் குளுமையாக இருந்தது. நடுவில் ஒரு சப்பரம் நின்றது. பெரிய வெள்ளிக்கிழமைப் பவனியில் அந்தக் குடும்பம்தான் மாதா சுரூபத்தை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகுமாம். சப்பரத்தைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம் வீட்டு ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டே மாடிப்படியில் காலை வைத்தேன்.

பையனின் அம்மா மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். முழங்கால் வலி போல. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. என் கையில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்து மகனிடம் என்னவோ கேட்டார். அவன் என் மகளிடம் இங்கிலீஷில் கேட்டான். கல்யாணத்தைப் பேசி முடிக்க எங்கள் ஊரில் இப்படித்தான் தட்டோடு வருவோம் என்றாள் அவள். அவன் அதை அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இரண்டு கையையும் அகல விரித்து, படியை மறித்துக்கொண்டு நின்றார்.

வேகவேகமாக என்னவோ சொன்னார். பையன் முகம் சிவந்து, "இன்னைக்கு மேலே வேண்டாமாம்" என்று மட்டும் எங்களிடம் இங்கிலீஷில் மொழிபெயர்த்தான். சப்பரத்துக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு எங்களை உட்காரவைத்தார்கள். தாம்பாளத்தை வாங்கவில்லை. அது என் மடியிலேயே இருந்தது. தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட அரிசிப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது. நான் தொடவில்லை. மகளின் கை அதன் பக்கம் போனபோது முழங்கையால் இடித்தேன். மேலேயே ஏற்றாதவர்கள் வீட்டில் கை நனைப்பதாவது? அந்த அம்மா பணியாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டோம்.

விடுதிக்கு வந்து மகளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினேன். "நம்பள கீழ்லயே உக்கார வச்சி அனுப்பிட்டாங்க, பாத்தியா" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெரம்பூர்க்காரி கேட்டதாவது என் வீட்டில், என் நாற்காலியில். இது கடல் தாண்டி வந்து வாங்கிக்கொண்ட அவமானம். பெற்ற பெண்ணை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நானும் என் தாம்பாளமும்தான் என்று என்னை நானே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை முகம்கூடக் கழுவவில்லை, கதவைத் தட்டினார்கள். பையனும் அவன் அம்மாவும். அந்த அம்மாவின் கண்ணும் வீங்கியிருந்தது. நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பையன் இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். முந்தின நாளும் அப்படிச் சொல்லியிருந்தால் எத்தனையோ கண்ணீர் மிச்சமாகியிருக்கும். ஆண்பிள்ளைகளிடம் மொழிபெயர்ப்பை நம்பிக் கொடுத்தது எங்கள் தப்பு.

விஷயம் இதுதான். அவர்கள் வழக்கப்படி பையன் வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். சாப்பாடு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு பெண் வீட்டுப் படியேறி, பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவள் தட்டைத் தூக்கிக்கொண்டு பையன் வீட்டுப் படியேறினால், கேட்பார் இல்லாத பெண்ணைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள் என்று தெருவே பேசும். காலத்துக்கும் அந்தப் பேச்சு போகாது. "என் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு அந்தப் பெயர் வர நான் விடுவேனா?" என்று கேட்டார் அந்த அம்மா. எங்களைப் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் என்றுதான் பையன் அவரிடம் சொல்லிவைத்திருந்தானாம். தட்டைப் பார்த்ததும் பதறிப்போய்ப் படியை மறித்திருக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. கொஞ்சம் தயங்கி, பணியாரத்தை ஏன் தொடவில்லை, எங்கள் வீடு உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். சுவர் காரை பெயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நான் பெண் தர மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டதாக நினைத்து ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடிந்தது. கை நனைக்கிற கதையை நான் தமிழில் சொல்ல, மகள் இங்கிலீஷில் சொல்ல, பையன் அவர்கள் பேச்சில் சொல்ல, அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தாம்பாளத்தை இங்கேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு விருந்தாளியாக வா என்று என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வீட்டின் மாடியை அப்படித்தான் பார்த்தேன். முந்தின நாள் டிக்கெட் எடுத்துப் பார்த்த வீடுகளின் அதே பலகைத் தரை, அதே சிப்பி ஜன்னல். ஆனால் பாதி சிப்பிகள் விழுந்து அட்டை ஒட்டியிருந்தது. கூடத்தில் மூன்று இடத்தில் மழைத் தண்ணீருக்கு வாளி. பெரிய மேஜையின் ஒரு முனையில் தையல் மிஷின். தாத்தா காலத்து வீடு. பங்காளிகள் பதினோரு பேர். விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. எல்லாரும் வெளியூர் போய்விட்டதால் இவர் குடும்பம் பின்பக்கம் இரண்டு அறையில் இருந்துகொண்டு மீதியைப் பெருக்கித் துடைத்துக் காவல் காக்கிறது. பையன் கப்பலில் சமைத்துத்தான் கூரைக்கு ஓடு மாற்றுகிறானாம். அந்த இரண்டு அறைகளையும் திறந்து காட்டும்போது அந்த அம்மாவின் குரல் தாழ்ந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகவே தெரியும். என் வீட்டுக் கதவை மூன்று தடவை நான் அந்தக் குரலோடுதான் திறந்திருக்கிறேன்.

நான் அறையைப் பார்க்கவில்லை. மேஜைக்குப் போய் உட்கார்ந்து, நேற்றுச் சுட்ட பணியாரத்தில் மீதி இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். நாலு தின்றேன். மகள் ஐந்து.

அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து, உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கையில் இருந்த பணியாரம் கனத்தது. என்னதான் ஆறுதல் வந்தாலும் பழைய பயம் ஒரே நாளில் ஓடிப்போகுமா? எத்தனை அறை, எவ்வளவு பெரிசு, சொந்தமா வாடகையா என்ற கேள்விகள் வரும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை படி?

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஏறி இறங்குகிறேன், எண்ணியதில்லை. மகளுக்கும் தெரியவில்லை. பையன் ஒரு தடவை நன்றி சொல்ல வந்து ஏறியிருக்கிறான். ஆனால் தையல் போட்ட வயிற்றோடு ஏறியதால் நூறு படி இருக்கும் என்று சொல்லி அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருந்தான். அதற்காகத்தான் அவர் கேட்டார். முடியாதென்றால் இப்போதே முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் ஏறாமல் மட்டும் இருக்கப்போவதில்லை என்றார்.

எங்கள் கீழ்வீட்டில் இட்லிக்கடை வைத்திருப்பவளுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் காலை ஏழரை, வியாபார நேரம். ஊருக்குப் போன இடத்திலிருந்து கூப்பிட்டு மாடிப்படியை எண்ணச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? இட்லித் துணியை உதறிக்கொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே ஏறினாள். ஒன்று, ரெண்டு என்று மூச்சு வாங்க எண்ணுவது ஸ்பீக்கரில் கேட்டது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் மேஜைமேல் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"பத்தொம்போதுக்கா. நடுவுல ஒண்ணு ஒடஞ்சி கீது, அத்த சேக்கறதா வேணாவா?" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

பையன் அம்மாவிடம் சொன்னான். தன் வீட்டுப் படி இதைவிட அதிகம், பத்தொன்பதை நின்று நின்று ஏறிவிடலாம் என்று அந்த அம்மா முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். போனில் கீழ்வீட்டுக்காரி, இட்லி அடுப்பில் இருக்கிறது, இன்னா விஷயம்னு சொல்லிட்டு வையிக்கா என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒடஞ்ச படிய சிமெண்ட் போட்டு பூசச் சொல்லுடி" என்றேன். "மாப்ள வூட்லேந்து பொண்ணு கேட்டு வராங்க."